க்ளோஸப்பில் ஒரு கை

கோரேகாவில் செட் போட்டிருந்தார்கள்,
தலால் தெருவின் பழைய ரிங்கை.
தரையெல்லாம் கிழிந்த சீட்டு,
இருநூறு துணை நடிகர்கள், எல்லோருக்கும் மீசை.
எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
நாளைக்கு இரண்டாயிரம்,
கழுத்தில் தொங்கிய அட்டையில்
'ஆலோசகர்' என்று இந்தியில்.

உள்ளங்கை உன்னைப் பார்த்தால் வாங்குகிறாய்.
உள்ளங்கை ஊரைப் பார்த்தால் விற்கிறாய்.
அவ்வளவுதான் தம்பி, என்றேன் நாயகனிடம்.
மிச்சமெல்லாம் தொண்டை.

அவருடையது ஜிம்முக்குப் போய்வந்த விரல்கள்.
விற்கச் சொன்னால் ஆசீர்வாதம் செய்தன.
ஒன்பதாவது டேக்கில்
இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தார்.
கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிவிட்டு
பொய்த் தங்கத்தில் கடிகாரம் கட்டி
என் கையை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பார்ட்டி.
ஷாம்பெயின் என்று வழிந்தது இஞ்சி சோடா.
மாடியிலிருந்து நோட்டு மழை.
ஒவ்வொரு டேக் முடிந்ததும்
வசந்த் காம்ப்ளே என்ற பையன்
மேஜைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினான்,
எச்சில் தொட்டு எண்ணினான்.
ஒரு தாள் குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்களாம்,
பொய் நோட்டுக்கு நிஜச் சம்பளத்தில்.

"அங்கிள், அந்தக் காலத்தில் இப்படியா?"
துணை இயக்குநர் தன்வி கேட்டாள்.
இதைவிட அதிகம், என்றேன்.
குறித்துக்கொண்டாள்.

அதிகம் என்று நான் சொன்னது
ஐந்து மணிவரை திறக்காத டிபன் பாக்ஸை.
எலுமிச்சைச் சாதம் வியர்த்திருக்கும் உள்ளே.
இன்னும் கால் ரூபாய் ஏறட்டும்,
இன்னும் ஒரு கால்,
என்று மூத்திரத்தை அடக்கி நின்ற கால்களை.
அதை எடுக்க கிரேன் வேண்டாம்,
நுரையும் வராது.

பிறகு அந்த வியாழக்கிழமை, பதினொன்றரை மணி.
ஹஸ்முக்பாய் காதருகே வந்து சொன்னார்,
வெற்றிலை வாசனையோடு:
நாளைக்கு இந்தக் கம்பெனி இருக்காது,
இருப்பதையெல்லாம் தள்ளு.
தள்ளினேன். கத்தினேன்.
எல்லா உள்ளங்கையும் ஊரைப் பார்த்தன.
வாங்க ஒரு ஈ காக்காய் இல்லை.

சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது.
தெய்வநாயகம், போர்ட் டிரஸ்ட், என் அக்கா புருஷன்.
பி.எஃப். பணம் நாற்பத்திரண்டாயிரம்.
'நீயாப் பார்த்து நல்லதா எதையாவது வாங்கு.'

வலது கை ஊரைப் பார்த்தது.
இடது கை என்னைப் பார்த்தது.
இரண்டும் எதிரெதிரே நின்ற அந்த நொடியில்
தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு
நான் யாரையோ கும்பிடுவதாகத் தோன்றியிருக்கும்.

படம் வந்தது. சயானில் மாலைக் காட்சி.
அக்கா பட்டுப்புடவையில் வந்தாள்.
மாமா பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார்,
மார்க்கெட்டுன்னா அப்படித்தான் என்று
முப்பது வருஷமாக எனக்கே ஆறுதல் சொல்கிற மனிதர்.
நோட்டு மழைக்குப் பையன்கள் விசிலடித்தார்கள்.
மாமாவும் கை தட்டினார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால்
இருபதடி உயரத்தில் என் கை.
சுண்டுவிரல் கோணல்.
ஆறு வயதில் கதவிடுக்கில் நசுங்கியது,
சாத்தியவள் அக்கா.

"உன் கைடா அது!
என்ன பண்ணுது?"
விக்குது.
"யாருக்கு?"

படம் அடுத்த ஷாட்டுக்குப் போயிருந்தது.
நாயகன் கார் வாங்கிக்கொண்டிருந்தான்.
வாங்கியவன் முகத்தைக் கடைசிவரை காட்டவேயில்லை.

விளக்கு எரிந்தது.
மாமா பாப்கார்ன் டப்பாவை என் பக்கம் நீட்டினார்.
முன்னூற்று எண்பது ரூபாயாம்டா இது,
பகல் கொள்ளை, என்றார்.
பிறகு, நான் எடுக்காததைப் பார்த்து,
எடுத்துக்கோ,
நீ வாங்கித் தந்ததுதானே.